ஜாக்கி தூக்கும், தாங்காது!

காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். குலை ஏற்றப் போகவேண்டிய டிராக்டர் மட்டும் ஸ்டோர் ஓரத்தில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறது. பின் டயரில் காற்று இல்லை. மண்டோர் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிறார். டிரைவர் ஜாக்கியைக் கொண்டுவந்து மண்ணில் வைத்து நாலு தரம் அடிக்கிறார். சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. உதவிக்கு வந்த பையன் கேட்கிறான்:

"அண்ணே, கீழே கட்டை எதுவும் வைக்க வேணாமா?"

"அஞ்சு நிமிஷ வேலைடா தம்பி! அதுக்கு எதுக்குக் கட்டை? நீ நட்டைக் கழட்டு!"

அன்பர்களே, இந்தப் பேச்சை நாம் ஒரு தோட்டத்தில் மட்டும் கேட்கவில்லை. போன இடமெல்லாம் கேட்டிருக்கிறோம். கிள்ளானுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் இதைக் கேட்ட அன்று நடந்ததையும் நம் கண்ணாலேயே பார்த்தோம். சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. பையன் அச்சுக்குக் கீழே படுத்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, பெரிய ஸ்பேனர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்து ஸ்டோருக்குள் போனான். அவன் வாசலைத் தாண்டியிருப்பான். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். ஜாக்கி ஈர மண்ணில் சாய்ந்துவிட்டது. அவன் நெஞ்சு இருந்த இடத்தில் டிராக்டரின் பின் அச்சு கிடந்தது.

அன்றைக்கு அவன் உயிரைக் காப்பாற்றியது ஒரு ஸ்பேனர். எல்லா நாளும் ஸ்பேனர் ஸ்டோருக்குள் இருக்கும் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எழுதாமல், இந்த ஜாக்கியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

டிராக்டரும் நம்மவரும்

பால்மரக் காட்டில் வாளியையும் காண்டாவையும் நம்பி வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது. பிறகு கிள்ளான், காப்பார், பந்திங், கேரித் தீவு என்று கடலோரம் முழுதும் செம்பனை பரவியது. பாலை வாளியில் சுமக்கலாம். ஒவ்வொன்றும் இருபது கிலோ நிறுக்கும் குலைகளை எத்தனை நாள் தோளில் சுமப்பது? மாட்டு வண்டி போய் டிராக்டரும் டிரெய்லரும் வந்தன. டிராக்டர் ஓட்டுபவர் தோட்டத்தில் முக்கியமான ஆளானார்.

ஆனால் ஓட்டத் தெரிந்தவரிடமே பழுது பார்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது. போர்மன் வர நேரமாகும், பட்டறை தூரத்தில் இருக்கும், குலையோ காத்திருக்காது. பறித்த குலையைச் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். ஆகவே "நீயே பாத்துக்கப்பா" என்ற ஒரு வார்த்தையில் டிரைவர் மெக்கானிக் ஆகிவிடுகிறார். வேலை கொடுத்தார்கள், அந்த வேலைக்கு வேண்டிய சாமானைக் கொடுத்தார்களா? இதுதான் கேள்வி.

ஜாக்கி எப்படித் தூக்குகிறது?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாட்டில் ஜாக்கிக்குள் எண்ணெய் இருக்கிறது. கைப்பிடியை அடிக்கும்போது சிறிய குழாயிலுள்ள எண்ணெய் பெரிய குழாய்க்குள் தள்ளப்படுகிறது. சிறிய குழாயில் கொடுத்த அழுத்தம் பெரிய குழாயில் பலமடங்கு பலமாக வெளிப்படுகிறது. 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் காப்புரிமை பெற்ற அழுத்து யந்திரத்திற்கும் இதே தத்துவந்தான். ஒரு மனிதனின் கைப்பலம் ஒரு டிராக்டரையே தூக்குகிறது என்றால் அதிசயந்தான்.

ஆனால் தூக்கிய பிறகு அந்தப் பாரம் எதன்மேல் நிற்கிறது? ஒரு சின்ன வால்வு, இரண்டு மூன்று வளையங்கள், கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான்! வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும். வால்வில் ஒரு தூசி சிக்கினால் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும். கண்ணுக்கே தெரியாமல் இறங்கி, ஓர் எல்லை வந்ததும் சட்டென்று சாயும்.

ரயில் பெட்டிகளைத் தூக்கி வேலை செய்யும் பட்டறைகளைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த காலத்தில் அங்கே குடியிருந்த பெரியவர்கள் உங்கள் உறவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெட்டியை ஜாக்கியால் தூக்குவார்கள்; உடனே தாங்கிகளின்மேல் இறக்கிவிடுவார்கள்; அதற்குப் பிறகுதான் ஆள் கீழே போவார். ரயிலுக்கு உள்ள விதிதான் டிராக்டருக்கும். தூக்குவதற்கு ஒரு சாமான், தாங்குவதற்கு வேறொரு சாமான். இது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலும் போதும், இந்தக் கட்டுரை எழுதிய பலன் கிடைத்துவிடும்.

டிராக்டர் நிற்பது மூன்று காலில்

இன்னொரு சங்கதி. காருக்கும் டிராக்டருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மேடு பள்ளத்தில் போவதற்காக டிராக்டரின் முன் அச்சை நடுவில் ஒரே ஒரு முளையில் மாட்டியிருப்பார்கள். அது இடமும் வலமுமாக ஊஞ்சல்போல் ஆடும். ஆகவே டிராக்டருக்குச் சக்கரம் நாலு இருந்தாலும், அதன் உடம்பு நிற்பது மூன்று காலில்தான்: பின் சக்கரங்கள் இரண்டு, முன்னால் நடு முளை ஒன்று.

முக்காலியின் ஒரு காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பின்பக்கத்தைத் தூக்கும்போது அதுதான் நடக்கிறது. பின்பக்கம் ஜாக்கியின் மேல் ஆடுகிறது. முன்பக்கம் முளையில் ஆடுகிறது. நடுவில் இருப்பது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு. "முன் டயர் ரெண்டும் தரையிலதானே இருக்கு, எப்படிச் சாயும்?" என்று அனுபவசாலிகளே ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

இதற்கு வழி சுலபம். பின்பக்கத்தைத் தூக்குமுன், முன் அச்சுக்கும் டிராக்டரின் உடம்புக்கும் இடையே இருக்கும் சந்தில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மர ஆப்புகளை இறுக்கி அடித்துவிட வேண்டும். ஆட்டம் நின்றுவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ஆப்போடு ஓட்டினால் முன் அச்சு மேடு பள்ளத்துக்கு அசைந்து கொடுக்காது.

கடலோர மண்ணை நம்பாதீர்

கிள்ளான், காப்பார், பந்திங், கேரித் தீவுப் பக்கத்து மண் கடல் களிமண். கோலலங்காட் பக்கம் போனால் கரிச்சதுப்பு நிலமும் உண்டு. மேலே காய்ந்திருக்கும்; உள்ளே புட்டுமாதிரி இருக்கும். மழை பெய்தாலோ கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டிராக்டரின் எடை இரண்டரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம். ஒரு பின் சக்கரத்தின் பங்கு 800 கிலோ. ஜாக்கியின் அடிப்பாகம் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது 100 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் எட்டுக் கிலோ சுமக்க வேண்டும். அதே ஜாக்கியின் கீழே 30க்கு 60 சென்டிமீட்டர் கனத்த பலகை ஒன்றைப் போடுங்கள். இப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட இல்லை! பலகை மூன்று அங்குலக் கனமாவது இருக்கட்டும். மெல்லிய பலகையும் பிளைவுட்டும் வளைந்துகொடுக்கும், பாரம் பரவாது.

செங்கல்லை மட்டும் வைக்காதீர்கள். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துப் பாழாக்கிய பிறகு, ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அந்தச் செங்கல் சூளைகளால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயரே வந்தது. சுவரில் அடுக்கி, சாந்து பூசினால் செங்கல் மாடியைத் தாங்கும். ஆனால் இரும்பு முனை ஒன்று ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் பிளந்துவிடும். உள்ளே ஓட்டை உள்ள சிமெண்டுக் கல் அதைவிட மோசம். மரம் அப்படியல்ல, நசுங்கும், முனகும், 'ஓடிப்போ' என்று நமக்குச் சொல்லும்.

இனி வேலை முறை

முதலாவது, இடம். பட்டறையின் சிமெண்டுத் தரைதான் நல்லது. சரிவிலும் வாய்க்கால் ஓரத்திலும் தூக்கவே கூடாது. காட்டுக்குள் நின்றுபோனால் சமமான இடம் பார்த்துப் பலகை போட வேண்டும்.

இரண்டாவது, டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள். பின்னால் தூக்கி வைத்திருக்கும் கருவியைத் தரைக்கு இறக்குங்கள். யந்திரத்தை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியிலேயே விட்டால் யாராவது வந்து ஸ்டார்ட் செய்துவிடுவார்கள்.

மூன்றாவது, தடைக்கட்டை. கைப்பிரேக் போட்டு கியரில் விட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், அது காற்றில் சுற்றிக்கொள்ளும். தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்தைக் கியர் பிடித்து நிறுத்தாது. பின்பக்கம் முழுவதையும் தூக்கினாலோ, முன் சக்கரத்துக்குப் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக்கே கிடையாது. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆகவேண்டும். பின்பக்கத்தைத் தூக்குவதானால், மேலே சொன்ன ஆப்புகளையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

நான்காவது, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு நீளக் குழாய் மாட்டி இழுத்தால், அந்த இழுப்பிலேயே வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

ஐந்தாவது, ஜாக்கி. அதன்மேல் எழுதியிருக்கும் டன் கணக்கைப் படியுங்கள். தூக்கும் பாரத்தைப்போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். எண்ணெய் கசிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பின் அச்சின் கனத்த வார்ப்பு உறைக்குக் கீழே வையுங்கள். எண்ணெய்த் தொட்டிக்குக் கீழோ, ஸ்டீயரிங் கம்பிக்குக் கீழோ வைக்காதீர்கள்.

ஆறாவது, கொஞ்சம் தூக்கு, உடனே தாங்கி வை. மறுபடி கொஞ்சம் தூக்கு, தாங்கியை உயர்த்து. இரும்புத் தாங்கியில் அதற்கென்று உள்ள முளையைத்தான் செருக வேண்டும். ஆணியும் பழைய போல்ட்டும் உதவாது. தாங்கி இல்லையென்றால் கனத்த மரக்கட்டைகளை, பழைய சிலிப்பர் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு இப்படி, இரண்டு குறுக்கே என்று கிணற்றுச் சட்டம்போல் அடுக்குங்கள். அடுக்கின் உயரம் அதன் அகலத்தை மிஞ்ச வேண்டாம். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கிப் பாரம் முழுவதும் தாங்கியின்மேல் உட்காரட்டும். வெளியே நின்றபடி கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்பத் தூக்கிச் சரிசெய்யுங்கள். ஆடாமல் நின்றால் மட்டுமே அடுத்த வேலை. வேலை முடியும்வரை ஜாக்கியையும் இலேசாகத் தொட்டபடி விட்டுவையுங்கள். இரண்டாவது காவல் அது.

ஏழாவது, பின் சக்கரத்தை ஒற்றை ஆளாய்க் கழற்றாதீர்கள். பிடிப்புக்காகப் பல டிராக்டர்களின் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். டயரின் அளவைப் பொறுத்து இருநூறு, முந்நூறு லிட்டர்கூட இருக்கும். அத்தனை கிலோ ஒரு மனிதன்மேல் சாய்ந்தால் அவனால் தடுக்க முடியாது. ஆகவே தரையை ஒட்டினாற்போல் மட்டும் தூக்கி, இரண்டு பேராய் உருட்டுங்கள். சாயும் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது.

எட்டாவது, இறக்கும்போது கீழே கை, கால், ஸ்பேனர் எதுவும் இல்லையென்று ஒருமுறை குனிந்து பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். சில மணி நேரம் ஓட்டிய பின் திரும்பவும் முடுக்கிவிடுங்கள்.

இதே புத்திதான் டிரெய்லருக்கும். குலை கொட்டுவதற்காகத் தூக்கி நிற்கும் பெட்டியும் எண்ணெயின் பலத்தில்தான் நிற்கிறது. முட்டுக் கொடுக்காமல் அதன் கீழே தலையை நீட்டாதீர்கள். தெரியாமல் ஒரு கை பட்டுப் பிடி நகர்ந்தால் போதும்.

இப்போதெல்லாம் நம்மோடு இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் வேலை செய்கிறார்கள். அவசரத்தில் தமிழில் கத்தினால் அவருக்குப் புரியாது. அவர் கத்தினால் நமக்குப் புரியாது. வேலை தொடங்குமுன்பே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாப்' என்றால் எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டதும் எல்லாக் கையும் நின்றுவிட வேண்டும்.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டால்

யாராவது கீழே சிக்கிக்கொண்டால் டிராக்டரை ஸ்டார்ட் செய்து நகர்த்தப் பார்க்காதீர்கள். ஆளைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். ஒருவர் உடனே 999க்குப் போன் செய்யட்டும். தோட்டத்தின் பெயரோடு எந்த வழியாக உள்ளே வருவது என்பதையும் சொல்லட்டும். ரோட்டு முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மற்றவர்கள் சக்கரங்களுக்குத் தடை வைத்து, இன்னும் இறங்காதபடி இருபுறமும் கட்டை அடுக்கி, பிறகே மெல்லத் தூக்க வேண்டும். பதறி ஓடி, காப்பாற்றப் போனவரும் சிக்கிக்கொள்ளக்கூடாது.

வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தப் பாதுகாப்பில், விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. "சின்ன அடிதானே, எதுக்குக் கிராணிகிட்டப் போய்ச் சொல்லணும்?" என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்குச் சின்ன அடி, ஆறு மாதம் கழித்து நிமிர முடியாத முதுகு வலி ஆகலாம். எழுத்தில் இல்லாத அடிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வாய் திறக்க உரிமை உண்டு

"இதெல்லாம் சரிங்க. தாங்கி கேட்டா, 'இவ்வளவு நாள் ஜாக்கியிலேதானே செஞ்சே?'ன்னு கேக்குறாங்களே!" என்று நீங்கள் சொல்வது நம் காதில் விழாமல் இல்லை.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான சாமானும் பயிற்சியும் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்கென்று ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். நாற்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழுவே அமைக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தப் பொறுப்பாளர் யார்? தெரியாவிட்டால் நாளைக் காலைப் பெரட்டிலேயே கேளுங்கள். சண்டைபோல் கேட்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து மரியாதையாகவே கேளுங்கள். சங்கத் தலைவர் இருந்தால் அவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடித் தாங்கியின் விலை டிராக்டரின் பின் டயர் ஒன்றின் விலையைவிடக் குறைவு. டயர் வாங்கத் தயங்காத நிர்வாகம் தாங்கி வாங்கத் தயங்க என்ன நியாயம் இருக்கிறது?

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. டிராக்டரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது "சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? பட்டறை வேலை இருக்கும் நாளில் "கட்டை வச்சுத்தானே செய்வீங்க?" என்றும் கேளுங்கள். மண்டோர் சொல்லிக் கேட்காதவர் உங்கள் சொல்லைக் கேட்பார்.

டிரைவர் அண்ணன்மாரே! உங்களுக்கு உதவிக்கு வரும் பையன் உங்களைப் பார்த்துத்தான் தொழில் கற்றுக்கொள்கிறான். "கட்டை வேணாமா அண்ணே?" என்று அவன் கேட்டானே, அது நல்ல கேள்வி. அடுத்த முறை அவன் அப்படிக் கேட்கும்போது "ஆமாண்டா தம்பி, போய் எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகப் போகும். போகட்டும். சாயங்காலம் இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்கு நடந்து போவீர்கள்.